மூச்சு இடறினால் நிறுத்துங்கள்: யோகம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் விடிய ஐந்தரைக்குக் கூடிப் பயிற்சி செய்கிறோம். படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு யோகம் நெடுநாள் பழக்கம். அதனால் முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் வேலைக்கு ஓடிவிடுகிறார்கள், கேள்வி கேட்க நேரம் கிடைப்பதில்லை. ஆகவே எழுதித் தரச் சொன்னேன். அம்பாறைப் பக்கத்திலிருந்தும் சிலர் அனுப்பியிருந்தார்கள். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

களுவாஞ்சிக்குடி, வேளாண்மை செய்பவர், வயது 62: ரீச்சர், முழங்கால் நோவினால் எனக்குச் சப்பாணி கட்டி இருக்க ஏலாது. கதிரையில் இருந்து செய்தால் அது யோகம் ஆகுமா?

ஆகும் அண்ணன். ஆசனம் என்ற சொல்லுக்கே இருக்கை என்றுதான் பொருள். யோகத்துக்கு அடிப்படை நூலான பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில் 195 சூத்திரங்கள் (சிறு வாக்கியங்கள்) உண்டு, சில பதிப்புகளில் 196. அவற்றில் ஆசனத்தைப் பற்றி வருவது மூன்றே மூன்று. உறுதியாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்று முதலாவது சொல்கிறது. காலை எப்படி மடக்குவது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினால் உறுதி இருக்கும், சுகம் போய்விடும். சாய்மனைக் கதிரையில் சரிந்தால் சுகம் இருக்கும், ஆனால் நித்திரை வந்துவிடும். இரண்டும் சேர வேண்டும்.

கைப்பிடி இல்லாத மரக் கதிரையில் முன்விளிம்புக்குக் கிட்ட இருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படட்டும். கால் எட்டாவிட்டால் ஒரு பலகையை வையுங்கள். எந்த அசைவிலும் மூச்சு இடறினால் அல்லது தானாக அடைபட்டால் அங்கே நிறுத்திவிடுங்கள். உடம்பு போதும் என்று முதலில் மூச்சால்தான் சொல்லும், நோ அதற்குப் பிறகுதான் வரும். இதை வயலிலும் பாருங்கள். நெல் மூட்டையை மூச்சடக்கித் தூக்குவது உங்களுக்குப் பழக்கமாயிருக்கும். மூச்சை வெளியே விட்டபடி தூக்கிப் பாருங்கள். முழங்கால் வீங்கினால் மட்டும் என்னிடம் வராமல் டொக்டரிடம் போங்கள்.

கல்முனை, இளைஞர்: போனில் ஒரு வீடியோ பார்த்து 16 எண்ணி மூச்சை இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விட்டேன். இரண்டாம் நாள் தலை சுற்றியது. எங்கே பிழை?

தம்பி, அந்தக் கணக்கு உண்மையானது, திருமந்திரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிந்தவர் இல்லையே என்றும் திருமூலரே சொல்கிறார். பல வருடம் பழகியவருக்கு உரியதை நீங்கள் இரண்டாம் நாளில் எடுத்துவிட்டீர்கள். இப்போதைக்கு அடக்குவதை முற்றாக விடுங்கள். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், பத்துத் தரம் போதும். பிரஷர் உள்ளவர்கள், இருதய வருத்தக்காரர்கள், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அவர்களுக்கு வேண்டாம்.

அவசரத்தின் விலை எனக்குத் தெரியும். இளவயதில் ஒரு வகுப்பில் மூன்றே நாளில் சிரசாசனம், அதாவது தலைகீழாக, நிற்க வைத்தார்கள், நானும் பெருமையாக நின்றேன். இரண்டு மாதம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தேன். அதனால்தான் நமது மண்டபத்தில் சிரசாசனம் கற்பிப்பதில்லை.

ஆரையம்பதி, உயர்தர மாணவி: தியானத்தில் இருந்தால் ஒரு நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. பரீட்சை நினைவுதான் வருகிறது. எனக்குத் தியானம் சரிவராதோ?

மகள், நீங்கள் தியானத்தில் தோற்கவில்லை, தாரணையில் இருக்கிறீர்கள். பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் தாரணை ஆறாவது, தியானம் ஏழாவது. மனத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. கட்டும், அவிழும், மறுபடி கட்டுவோம். அந்த ஒரே நினைவு அறுபடாமல் ஓடத் தொடங்கினால் அதுதான் தியானம். சோற்றை அடுப்பில் வைப்பது நம் கையில் இருக்கிறது, வேகுவது நெருப்பின் வேலை. தியானமும் அப்படித்தான், நாம் செய்யக்கூடியது தாரணை மட்டுமே. "தியானம் செய்கிறேன்" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, ஒரு நிமிடத்தில் மனம் ஓடிவிட்டால் ஏதோ குறை என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே கவலை.

ஆகவே மனம் ஓடியதைக் கண்டுபிடித்த கணத்தைத் தோல்வியாக எண்ண வேண்டாம். பயிற்சி நடந்ததே அந்தக் கணத்தில்தான். ஐந்து நிமிடத்தில் முப்பது தரம் ஓடிப்போய் முப்பது தரம் திரும்பி வந்தீர்களென்றால், முப்பது தரம் பயிற்சி செய்திருக்கிறீர்கள். படிக்க இருக்கும் முன் வெளிமூச்சை மட்டும் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள். இடையில் எண்ணிக்கை தவறினால் ஏசாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

மூச்சை ஏன் வெளியே நீட்டுகிறோம் என்றும் அறிந்துகொள்ளுங்கள், நீங்கள் உயிரியல் படிக்கும் பிள்ளை. உள்ளிழுக்கும்போது இருதயம் சற்று வேகமாக அடிக்கும், விடும்போது மெதுவாகும். மணிக்கட்டில் விரலை வைத்தால் நீங்களே உணரலாம். பரீட்சை மண்டபத்தில் கை நடுங்கினால் நீண்ட வெளிமூச்சு நாலைந்து விட்டுப் பாருங்கள்.

காத்தான்குடி, கடை வைத்திருப்பவர்: ரீச்சர், நான் முஸ்லிம். இடுப்பு நோவுக்கு யோகா செய்யச் சொல்லி டொக்டர் சொன்னார். வீட்டில் தயங்குகிறார்கள். மந்திரம் சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டாம் நானா. இடுப்புக்கான அசைவுக்கும் மூச்சுக்கும் மந்திரம் அவசியமில்லை. யோகத்துக்குள் கடவுள் வழிபாடும் உண்டு, அதை மறைத்து "இது வெறும் உடற்பயிற்சி" என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. ஈசுவர பிரணிதானம், அதாவது எல்லாவற்றையும் இறைவனிடம் ஒப்படைத்தல், யோகத்தின் இரண்டாம் அங்கமான நியமங்களில், அதாவது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களில், ஒன்று. எங்களுக்கு ஓம் என்பது பிரணவம், நாங்கள் அதைச் சொல்லித்தான் தொடங்குவோம். அந்த நேரம் நீங்கள் பேசாமல் இருக்கலாம், அல்லது அது முடிந்தபின் உள்ளே வரலாம். யாரும் குறை நினைக்க மாட்டார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மனம் இரண்டுபட்டு நின்றால் இடுப்பும் தளராது.

சாய்ந்தமருது, வயது 35: சூரிய நமஸ்காரம் வேதகாலத்து யோகமா?

சூரிய வழிபாடு மிகப் பழையது. ஆனால் இன்று நாம் தொடர்ச்சியாகச் செய்யும் அசைவு வரிசையை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவலாக்கியவர் மகாராட்டிரத்து அவுந்து சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ். புதிதாக இருந்தால் பயன் குறைந்துவிடாது, தாராளமாகச் செய்யுங்கள்.

காரைதீவு, குடும்பப் பெண்: இரண்டு பிள்ளைகள், மாமிக்குச் சுகமில்லை. காலமே குசினி, பின்னேரம் ரியூசனுக்குக் கூட்டிப்போவது. யோகமெல்லாம் வீடு வாசல் இல்லாத துறவிகளுக்குத்தானே அக்கா?

தங்கச்சி, உங்கள் ஊரில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் துறவிதான். அவர் எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள். விஞ்ஞானம் படிப்பித்தார், இராமகிருஷ்ண மிஷன் பள்ளிக்கூடங்களை நடத்தினார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், வருடக்கணக்காக ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். அது 1947இல் வெளிவந்தது, அதே வருடம் அவர் காலமானார். கல்லடி உப்போடையில் அவர் கட்டிய சிவானந்த வித்தியாலயத்து வளவில்தான் சமாதி இருக்கிறது. வேலையே இல்லாத துறவி அல்லவே அவர். பலனில் தொங்காமல் செய்யும் வேலையைக் கீதை கர்மயோகம் என்கிறது, அதற்கு அவரைவிட நல்ல உதாரணம் நம் மண்ணில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. "வீட்டு வேலையே யோகம்" என்று சொல்லிப் பெண்களை இன்னும் வேலை வாங்குவதற்கு நான் உடன்படமாட்டேன். யோகத்தின் முதல் அங்கமான யமங்களில், அதாவது தவிர்க்க வேண்டியவற்றைச் சொல்லும் ஒழுக்கங்களில், முதலாவது அகிம்சை. அது உங்கள் உடம்புக்கும் உரியது. களைத்து விழும்வரை வேலை செய்வதும் இம்சைதான். அடுப்பில் உலை கொதிக்கும் பத்து நிமிடம் சுவரில் முதுகு சாய்த்து இருந்து மூச்சைப் பாருங்கள். பின்னேரம் ஒரு நாளாவது பிள்ளைகளை அவர்கள் தகப்பன் கூட்டிப்போகட்டும். இதையும் பயிற்சியின் பகுதியாகவே சொல்கிறேன்.

ஏறாவூர், வயது 50: எத்தனை மணிக்குச் சாப்பிட்டால் நல்லது?

வெறுவயிற்றில் செய்வது உத்தமம். முழுச் சாப்பாடு என்றால் மூன்று நான்கு மணித்தியாலம் போகட்டும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறுவயிற்றோடு வரவேண்டாம், எதைச் சாப்பிட்டு வருவது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

நாவலடி, வயது 41: 2004இல் கடல் வந்தபோது தங்கச்சியை இழந்தேன். கடைசியில் எல்லோரும் சவாசனத்தில் படுத்துக் கண்ணை மூடும்போது எனக்குக் கடல் சத்தம்தான் கேட்கிறது. நெஞ்சு அடைக்கிறது. போன கிழமை பாதியில் எழும்பிப் போய்விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்கவேண்டியது நான்தான் மகள். எல்லோரையும் ஒரேபோல் படுக்கச் சொன்னேன். இந்த ஊரில் அப்படிச் சொல்லும் முன் நான் யோசித்திருக்க வேண்டும்.

கண்ணை மூடித்தான் ஆகவேண்டும் என்று விதி இல்லை. நீங்கள் படுக்கவும் வேண்டாம். மூச்சு இடறினால் நிறுத்தச் சொன்னேனே, மனம் இடறும்போதும் அப்படித்தான். கண்ணைத் திறந்து, முதுகைச் சுவரில் வைத்து, வாசலைப் பார்த்தபடி இருங்கள். பாதத்தை நிலத்தில் அழுத்துங்கள், சீமெந்தின் குளிர் தெரியட்டும். கண்ணில் படும் ஐந்து பொருளை மெல்லச் சொல்லுங்கள். மூச்சைக் கவனிப்பது பயத்தைக் கூட்டினால் அதையும் விட்டு, மண்டபத்தைச் சுற்றி நடங்கள். வாய்விட்டு ஒரு தேவாரம் பாடுவது சிலருக்கு உதவுகிறது.

உயிரைப் பற்றிய பயத்தைப் பதஞ்சலி அபிநிவேசம் என்கிறார். அதைச் சொல்லும் சூத்திரத்திலேயே, கற்றறிந்தவருக்கும் அது அப்படியே வேரூன்றி இருக்கிறது என்கிறார். எத்தனையோ தரம் படித்த சூத்திரம் அது. அந்த டிசம்பர் 26க்குப் பிறகுதான் எனக்கு அதன் பொருள் விளங்கியது. உங்களுக்குப் பக்தி குறைவு என்றோ மனப்பலம் இல்லை என்றோ யாரும் சொன்னால் காதில் போடாதீர்கள்.

இன்னொன்று, இதை யோகம் மட்டும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கதைக்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள். தனியே போகத் தயக்கமென்றால் நான் கூட வருகிறேன். திங்கட்கிழமை பயிற்சிக்கு வாருங்கள். கடல் பக்கத்து யன்னலைச் சாத்தி, வாசலுக்குக் கிட்ட உங்களுக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறேன்.