ஏசியின் உள்ளே பனி ஏன் உறைகிறது?

சுவரில் மாட்டிய ஸ்ப்ளிட் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அறை குளிராமல், உள்பெட்டியின் மூடியைத் திறந்தால் குழாய்களின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருப்பதற்குப் பெரும்பாலும் அழுக்கடைந்த வடிகட்டியே காரணம். வடிகட்டி என்பது மூடிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய வலை. அறைக்காற்று அதன் வழியாகத்தான் அந்தக் குழாய்களாலான குளிர்ச்சுருளைச் சென்றடைகிறது.

சுருளுக்குள் திரவமாக நுழையும் கேஸ் (குளிரூட்டும் பொருள்), அந்தக் காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. காற்று போதிய அளவு வராவிட்டால் சுருளின் வெப்பநிலை 0 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட, காற்றிலுள்ள ஈரம் நீராகச் சொட்டுவதற்குப் பதிலாக அதன்மேலேயே உறைந்து, எஞ்சிய இடுக்குகளையும் அடைத்துவிடுகிறது. தூள் அடைத்த தேநீர் வடிகட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் சொட்டுச் சொட்டாகத்தானே இறங்கும், அதே கதைதான்.

பனியைக் கத்தியால் சுரண்டவே கூடாது. குழாய் ஓட்டையாகிவிட்டால் செலவு பெரிது. குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டால் தானே உருகிவிடும். வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒளி ஊடுருவாவிட்டால் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. புழுதி பறக்கும் சாலையோர வீடென்றால் இன்னும் அடிக்கடி.

ஆண்டுதோறும் கேஸ் நிரப்பியே ஆக வேண்டும் என்று பலர் நம்புவது தவறு: மூடிய குழாய்களுக்குள் சுற்றி வரும் அது எரிந்து தீர்வதில்லை, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள், அந்தக் கசிவை அடைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.