சூடானதும் நிற்கும் மர அறுவை மில்: இன்ஜினை இறக்கும் முன் டேங்க் மூடியைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இடம் விட்டு இடம் கொண்டுபோகிற, பட்டை ரம்பத்தால் மரம் அறுக்கும் சின்ன பேண்ட் சா மில் இருக்கிறது. 13 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். காலையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் அறுத்ததும் திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. கார்புரேட்டரை மாற்றியும் பலன் இல்லை. ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கிப் போர் போட வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்த இடத்தில் வேறு இன்ஜின் வாங்கித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்த இன்ஜின் இப்படி நடந்துகொள்ளாது. சைலன்ஸரில் நீலப் புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும், பிளக்கைக் கழற்றினால் ஆயில் ஈரம் இருக்கும், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும். உங்களுடையது காலையில் சுலபமாகப் பிடிக்கிறது. தேய்ந்த ரிங் கால் மணி நேர ஓய்வில் சரியாகாது. கால் மணி நேரத்தில் தானாகச் சரியாவது எது என்றுதான் தேட வேண்டும்.

அதற்கு முன் இன்ஜின் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றால் கோளாறு கரன்ட் பக்கம். ஏறி இறங்கி, மிஸ்ஸிங் அடித்து, திணறி நின்றால் பெட்ரோல் பக்கம். திணறி நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பெட்ரோல் வரும் வழியிலிருந்து ஆரம்பிப்போம்.

முதல் சந்தேகம் டேங்க் மூடி. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. மர மில்லில் அந்தத் துளைக்கு மேலேதான் நாள் முழுக்கத் தூள் கொட்டுகிறது. துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வரத்து குறையும், இன்ஜின் திணறும், நிற்கும். நின்றபின் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் மறுபடி ஓடும். உங்கள் அரை மணி நேரக் கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது. அடுத்த முறை நின்றவுடன், சுற்றிலும் உள்ள தூளைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திருகுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், அல்லது மூடியைத் திறந்து மூடியதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டால், விஷயம் முடிந்தது. மூடியைப் பெட்ரோலில் கழுவி உலர்த்துங்கள், அல்லது மாற்றுங்கள். மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதிர்வில் பெட்ரோல் தெறித்துச் சூடான சைலன்ஸர் மேல் விழும். அதைச் செய்யாதீர்கள்.

மூடியில் குறை இல்லையா? கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். இன்ஜின் ஆறியபின், அதற்குக் கீழே கண்ணாடி பாட்டிலைப் பிடித்து, பெட்ரோல் குழாயைத் திறந்து வைத்து, திருகைத் தளர்த்துங்கள். பெட்ரோல் ஒரே சீராக ஒழுக வேண்டும். முதலில் நன்றாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாகச் சுருங்கினால், டேங்கின் அடியில் உள்ள சல்லடையோ வடிகட்டியோ அடைத்திருக்கிறது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்பது தண்ணீர், பழுப்பாகப் படிவது மரத்தூள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். அதைத்தான் இன்ஜின் முதலில் குடிக்கிறது.

இதிலிருந்தே உங்கள் புதுக் கார்புரேட்டர் ஏன் பலன் தரவில்லை என்பதும் விளங்கும். மேலே இருக்கும் அழுக்கை விட்டுவிட்டுக் கீழே பாகத்தை மாற்றினால், புதியதும் ஒரு வாரத்தில் அடைக்கும். இதைப் பற்றி எனக்கு ஆறாத கோபம் உண்டு. கார்புரேட்டர் மாற்றுவது மெக்கானிக்குக் கைவந்த வேலை. இரண்டு நட்டுதான். பாகத்தின் மேல் கமிஷனும் கிடைக்கும். பெட்ரோலை அளவாக விடும் நுண்துளை கொண்ட ஜெட்டைக் கழற்றி மெல்லிய செப்புக் கம்பியால் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆகும், அதற்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால்தான் எந்தக் கோளாறோடு போனாலும் ‘கார்புரேட்டர் போச்சு’ என்கிறார்கள். போதாததற்கு, பார்வைக்கு அசல் போலவே இருக்கும் போலிகள் சந்தையில் நிறைய. போல்ட் துளைகள் பொருந்தும், ஆனால் ஜெட்டின் அளவு வேறாக இருக்கும். கழற்றிய பழைய கார்புரேட்டரை நீங்கள் வைத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மெக்கானிக்கே வைத்துக்கொண்டார் என்றால், இனிமேல் எந்தப் பழைய பாகத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு எளிய சோதனை: திணற ஆரம்பிக்கும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். அதில் இன்ஜின் தேறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது வேண்டாத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. அதிர்வில் கார்புரேட்டர் நட்டு தளர்ந்து கேஸ்கெட் வழியே காற்று இழுப்பது மர மில்லில் சகஜம். மாறாக, சோக் இழுத்ததும் கரும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

சூட்டையும் விட்டுவிடக் கூடாது. கயிறு இழுக்கும் பக்கத்து மூடியையும் மேல் தகட்டையும் கழற்றினால் சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் துடுப்புகள் தெரியும். பச்சை மரத்தின் ஈரத் தூளும் பிசினும் ஆயில் கசிவும் சேர்ந்து அந்த இடைவெளிகளில் கெட்டித்துப்போய் மரப்பலகை போலவே உட்கார்ந்திருக்கும். குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். தூள் வந்து விழும் பக்கத்திலேயே காற்று இழுக்கும் சல்லடையையும் ஏர் ஃபில்டரையும் வைத்து மில்லை வடிவமைக்கிறார்கள். பல வருடங்களாக இதே கதைதான். வாங்கியவர்தான் தகடு வெட்டித் தடுப்பு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறுக்கும்போது ஆக்ஸிலேட்டர் முழுதாகத் திறக்கிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். கேபிள் நாளடைவில் இழுபடும். கைப்பிடியை முழுக்க அழுத்தியிருப்பீர்கள், இன்ஜின் பக்கத்து நெம்புகோல் மட்டும் ஒரு விரல் தூரம் முன்பாகவே நின்றிருக்கும். வேகம் குறைந்தால் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றும், கிளட்ச்சும் வழுக்கிச் சூடாகும். கேபிளைச் சரிசெய்வதற்குப் பதிலாக, ‘பிக்கப் ஏற்றித் தருகிறேன்’ என்று இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கில் கை வைப்பவர்களை அருகிலேயே சேர்க்காதீர்கள். இந்த வகை இன்ஜின்கள் நிமிடத்துக்கு 3,600 சுற்றை ஒட்டித்தான் ஓட வேண்டும். அதை மிகவும் தாண்டினால் கனெக்டிங் ராடு உடையலாம், ரம்பப் பட்டையும் அறுந்து பறக்கலாம். பக்கத்தில் நிற்பது நீங்கள்.

ஒருவேளை நன்றாகக் கவனித்தபின், இல்லை, சட்டென்றுதான் நிற்கிறது என்று தெரிந்தால், அப்போது ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்: ஆயில் சென்சார். பல இன்ஜின்களில் ஆயில் மட்டம் குறைந்தால் கரன்ட்டைத் துண்டித்து நிறுத்தும் அமைப்பு உண்டு. தரையில் சமமாக நிற்கும் இயந்திரத்தில் இது தொல்லை தராது. நகரும் மில் அப்படி இல்லை. மரம் விழுந்த இடத்தில் போடுகிறோம். காலையில் மட்டம் பார்த்துத்தான் நிறுத்தியிருப்போம். கனத்த கட்டைகளை உருட்டி ஏற்ற ஏற்ற ஒரு பக்கக் கால் மண்ணில் புதையும். ஆயில் ஒரு பக்கம் சாயும், சென்சார் ஆயில் இல்லை என்று நினைத்து நிறுத்திவிடும். ஆயில் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால் சின்னச் சரிவே போதும். நின்றதும் ஆயிலைப் பார்த்தால் இருக்கும், அதனால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், பிளக், சுவிட்ச் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஹோண்டா ஜிஎக்ஸ் 390 இன்ஜினை எடுத்துக்கொண்டால் மொத்தமே 1.1 லிட்டர் ஆயில்தான், கால் லிட்டர் குறைந்தாலே பெரிய வித்தியாசம். ஆகவே நின்ற இடத்திலேயே மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். மில்லைச் சமப்படுத்தி, ஆயிலை நிறைத்தபின் ஓடுகிறது என்றால் காரணம் அதுவே. சென்சார் வயரைக் கழற்றிச் சோதிப்பது உண்டு. ஆயில் நிறைந்திருக்கிறது என்று உறுதி செய்தபின், சில நிமிடங்களுக்கு மட்டும். கழற்றிய வயரை அப்படியே விட்டுப்போகும் மெக்கானிக் உங்கள் இன்ஜினுக்கு நாள் குறித்துவிட்டுப் போகிறார்.

சென்சார் காரணம் இல்லையென்றால், ரம்பத் தலையோடு சேர்ந்து அசையும் சுவிட்ச் வயர் எங்காவது உரசித் தோல் உரிந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் காயில். சூடானதும் உயிர்விட்டு ஆறியதும் பிழைப்பது அதன் குணம். நின்ற உடனே, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆறியபின் பார்த்தால் பொறி நன்றாகவே வரும், ஏமாந்துபோவீர்கள்.

மழுங்கிய ரம்பப் பட்டையோடு அறுத்தாலும் இன்ஜின் திணறும். புதுப் பட்டை மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சக்கரத்தில் கை வைக்க வேண்டும்.

வாரன்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். மில் விற்றவரிடம் போனால் இன்ஜின் கம்பெனியைக் கேள் என்பார், அங்கே போனால் மில்லில் பொருத்திய விதம் சரியில்லை என்பார்கள். இரண்டு பேரும் கடிதம் கேட்பார்கள், அதற்குள் சீசன் போய்விடும். வாரன்டி நாள் மிச்சம் இருந்தால் மட்டும், எதையும் கழற்றுவதற்கு முன் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின்னும் மெக்கானிக் ரிங்தான் என்று நின்றால் நிரூபிக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, பாருங்கள் எவ்வளவு குறைவு என்று காட்டுவார். அதை ஏற்காதீர்கள். கயிறு இழுக்க லேசாக இருப்பதற்காக இந்த இன்ஜின்களில் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றிவிடும் டீகம்ப்ரஷன் அமைப்பு உண்டு. நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். முதலில் ஆறிய இன்ஜினில் வால்வுகளின் டேப்பட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். ஜிஎக்ஸ் 390-இல் உள்வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு 0.20, உங்களுடையது வேறு என்றால் அதன் கையேட்டில் இருக்கும். இடைவெளி இறுகிப்போனால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் இழுவை போகும், ஸ்பேனரைப் பிடித்துத் திருகினால் தீர்ந்துவிடும். அப்புறம் பிஸ்டனை மேல் நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றடிக்கச் சொல்லி நீங்களே காதை வைத்துக் கேளுங்கள். சைலன்ஸரில் சீறினால் வெளிவால்வு, கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் பலமாகச் சீறினால் மட்டும் மெக்கானிக் சொல்வது உண்மை, இறக்கச் சொல்லுங்கள்.