சிங்க் செய்து வைத்தால் பேக்கப் ஆகிவிடுமா? வாசகர் கேள்வி-பதில்

எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு கம்ப்யூட்டர். இரண்டையும் கூகுள் டிரைவோடு சிங்க் செய்திருந்தோம். வேலைக்கு இருந்த பையன் இடம் போதவில்லை என்று ஒரு கல்யாண ஃபோல்டரை அழித்துவிட்டான். இரண்டு மாதம் கழித்து ஆல்பம் கேட்டு வந்தார்கள், எங்கேயும் இல்லை. எந்த சாப்ட்வேர் வாங்கினால் இப்படி ஆகாது?
*— ஸ்டூடியோக்காரர், திருப்பாதிரிப்புலியூர்*

பையனைத் திட்டாதீர்கள். சிங்க் என்பது ஒரு இடத்தில் சேர்த்ததை எல்லா இடத்திலும் சேர்க்கும், ஒரு இடத்தில் அழித்ததை எல்லா இடத்திலும் அழிக்கும். அதற்கு இட்ட வேலை அதுதான். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடந்திருக்கும், ஆனால் ஆல்பம் கேட்டு வருவதே இரண்டு மூன்று மாதம் கழித்து என்கிற தொழிலில் 30 நாள் எந்த மூலைக்கு? அந்தக் கல்யாணம் எடுத்த மெமரி கார்டு எதுவென்று தெரிந்தால், அதில் இனி ஒரு படம்கூட எடுக்காமல் அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் சாப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். அதற்கப்புறம் நாலு விசேஷம் எடுத்தாகிவிட்டது என்றால் கிடைப்பது கஷ்டம்.

இனிமேலுக்குப் பெரிய விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஃபைல்களை இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கும் ஃப்ரீஃபைல்சிங்க் போதும், தொழிலுக்குப் பயன்படுத்துவதால் அதன் லைசென்ஸ் நிபந்தனையை மட்டும் பார்த்துவிடுங்கள். அதில் காப்பியை அசலைப் போலவே ஆக்கும் 'மிரர்' முறையைத் தேர்ந்தெடுத்து, அழிகிற ஃபைல்களை வெர்ஷனிங் ஃபோல்டருக்கு அனுப்பும்படி அமைத்துவிட்டால், யார் எதை அழித்தாலும் அது தேதி, நேரத்தோடு தனியாக ஒரு ஓரத்தில் கிடக்கும். வெர்ஷனிங் இல்லாமல் மிரர் மட்டும் போட்டால் மறுபடியும் இதே கதைதான். எக்ஸ்டெர்னல் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒரு வாரம் இது, மறு வாரம் அது என்று மாற்றி எடுங்கள், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். 1 டிபி, 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ராத்திரி பகலாக ஓடினாலும் 9 நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஆல்பத்துக்குத் தேர்வான படங்களை மட்டும் ஏற்றுங்கள். மாதம் ஒரு தடவை டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் எடுத்துத் திறந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் காப்பி செய்து வைத்திருக்கிறேன். போதுமா?
*— முத்தியால்பேட்டை*

போதாது. பெரும்பாலான கம்ப்யூட்டரில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்தான்.

10 டிபி கிளவுட் பேக்கப், ஒரே தடவை 4,999 ரூபாய், வாழ்நாள் முழுக்க என்று விளம்பரம் வருகிறது. மாதாமாதம் கட்டுவதைவிட லாபம்தானே?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை*

ஐயா, 'வாழ்நாள்' என்ற இந்த ஒரு வார்த்தையைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் ஃபைல் ஒரு டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது, அந்த டிஸ்க்குக்கு மாதாமாதம் கரண்ட் செலவு உண்டு, சில வருடத்தில் அதை மாற்றியாக வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நீங்கள் ஒரே தடவை கட்டிவிட்டுப் போய்விட்டால் அந்தச் செலவை யார் கட்டுவது? புதிதாகச் சேருகிறவர்களின் பணத்தில்தான் பழையவர்களின் ஃபைல் நிற்கிறது. சேருகிறவர்கள் குறைந்த அன்றைக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாத பெரிய நிறுவனங்களே இதில் நிலைக்கவில்லை. ஒன்டிரைவில் அளவில்லாமல் தருகிறோம் என்றிருந்த மைக்ரோசாப்ட் 2015இல் அதைத் திரும்பப் பெற்றது. கூகுள் போட்டோஸின் இலவச அன்லிமிடெட் 2021 ஜூன் 1உடன் நின்றது. கிராஷ்பிளான் என்கிற பேக்கப் சேவை 2017இல் வீட்டு வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31உடன் மூடப்பட்டது. இவர்கள் கதையே இப்படி என்றால் பெயரே கேள்விப்படாத கம்பெனி உங்கள் வாழ்நாளுக்குப் பொறுப்பு எடுக்குமா? விதிமுறைகளைத் திறந்து படித்தால் பல இடங்களில் வாழ்நாள் என்பது அந்தச் சேவையின் வாழ்நாள் என்றுதான் போட்டிருக்கும், உங்களுடையது இல்லை. நானும் அப்படி ஒரு பேக்கப் சாப்ட்வேரை வாங்கினேன். கம்பெனி கைமாறியது, புது முதலாளி பழைய லைசென்ஸ் செல்லாது, சந்தா கட்டு என்று மெயில் அனுப்பினான். பதில் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. போனது பணம் மட்டும் இல்லை. அது எல்லாவற்றையும் தன்னுடைய சொந்த ஃபார்மட்டில் எண்கள் போட்ட துண்டுகளாகச் சேமித்து வைத்திருந்தது, லைசென்ஸ் போனதும் எந்தத் துண்டில் என் அப்பாவின் பத்திரம் இருக்கிறது என்றே தெரியவில்லை. காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த சாப்ட்வேர் இல்லாமலே என் ஃபைல்களைத் திறக்க முடியுமா? அழித்த ஃபைலை எத்தனை நாள் வைத்திருப்பாய்? நான் விலகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வழி உண்டா? பதில் தெளிவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 700 ரூபாய்க்கு வாங்கி, இறந்துபோன அம்மாவின் படங்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். இப்போது பாதிப் படம் திறக்கவில்லை, மீதி சாம்பல் நிறமாகத் தெரிகிறது. கடைக்காரர் போனையே எடுப்பதில்லை.
*— வாசகி, வில்லியனூர்*

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அம்மா. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, இது திட்டமிட்ட ஏமாற்று. உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபி சிப்தான், கம்ப்யூட்டர் கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றிவைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு ஏற்றியது எங்கும் போய்ச் சேராது, இல்லையென்றால் பழையதன் மேலேயே எழுதப்படும். அதில் இனி எதையும் ஏற்றாதீர்கள், ஃபார்மட் செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள். திறக்கிற படங்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பழைய போன், வாட்ஸ்அப்பில் அனுப்பிய உறவினர்கள், அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள், நிறையக் கிடைக்கும்.

பணத்தை விடாதீர்கள். ஆர்டர் விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். சரிவரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இப்படி விற்கிறவன் உங்களோடு நிறுத்த மாட்டான், அதற்காகவாவது போடுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ். டாலி ஃபோல்டரை டிராப்பாக்ஸில் வைத்து இரண்டு கிளையிலும் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்கிறோம். கணக்கு அடிக்கடி இடிக்கிறது. வேறு நல்ல சிங்க் சாப்ட்வேர் சொல்லவும்.
*— நெல்லித்தோப்பு*

எந்த சாப்ட்வேரும் உதவாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிற கணக்குக் கோப்பை சிங்க் செய்தால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது, கடைசியில் முரண்பட்ட காப்பி என்று இரண்டாக நிற்கும். அடுத்தவர்களின் கணக்கை வைத்துக்கொண்டு இப்படி விளையாடலாமா? ஒரே சர்வரில் வைத்து அதில் போய் வேலை செய்யுங்கள். டாலியிலேயே பேக்கப் வசதி இருக்கிறது, தினமும் சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்த பிறகு தேதி போட்ட புது ஃபோல்டரில் எடுங்கள்.

எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைக் கழற்றாமல் மாட்டியே வைக்கலாமா?
*— புதுப்பாளையம்*

வேண்டாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் 2017 மே மாதம் வந்தபோது கம்ப்யூட்டரோடு மாட்டியிருந்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டியது. வேலை முடிந்ததும் கழற்றுங்கள்.

டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் கம்ப்யூட்டரும் மேசை டிராயரில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து மூழ்கின. டிஸ்க்கை இன்னும் தூக்கிப் போடவில்லை. ரெகவரிக்கு ஒருவர் 25,000 அட்வான்ஸ் கேட்கிறார்.
*— கடலூர்*

தூக்கிப் போடாதது நல்லது. அதை மாட்டிப் பார்க்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். உள்ளே சேறு இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் கொஞ்சநஞ்சம் இருப்பதும் சுரண்டப்பட்டுவிடும். தூசியில்லாத கிளீன் ரூம் வைத்திருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும், டேட்டா கிடைத்தால்தான் முழுப் பணம் என்று எழுதி வாங்க வேண்டும். பரிசோதனைக் கட்டணமாகச் சின்னத் தொகை கேட்டால் நியாயம், பார்ப்பதற்கு முன்பே 25,000 கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அடுத்த டிஸ்க்கை வாங்கியதும் அதைக் கடையில் வைக்காமல் மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் என்று பார்த்த ஊர் நம்முடையது, ஒரே கூரைக்குக் கீழே இரண்டு காப்பி இருந்து பிரயோஜனமில்லை.

ஒரு மாதம் இலவசம் என்று பேக்கப் ஆப் போட்டேன். இப்போது கார்டில் 3,200 ரூபாய் எடுத்துவிட்டார்கள். கேட்கவே இல்லை.
*— அரியாங்குப்பம்*

கார்டு நம்பர் கொடுத்தபோதே ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள், அதைப் படிக்காமல் அழுத்தியது தப்புதான். ஆனால் தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னால் தகவல் வந்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மெசேஜும் மெயிலும் தேடுங்கள். வரவில்லையென்றால் பேங்கில் எழுத்தில் புகார் கொடுங்கள். முதல் வேலையாக பேங்க் ஆப்பில் அந்த ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள், ஆப்பை போனிலிருந்து அழித்தால் மட்டும் அது நிற்காது.