வேலியோரத்து வானம்: வாசகர் கேள்வி, என் பதில்

விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் கழிந்த என் சிறுவயதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். இந்த முறை முழுப் பகுதியும் விமானங்களுக்கே.

கேள்வி: உங்களை முதன்முதலில் அசர வைத்த விமானம் எது?

மிக்-21 என்ற சோவியத் போர் விமானம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் போனால் ஓடுதளத்தின் ஒரு முனை வந்துவிடும். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னைப் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போவார். அவருடைய பரீட்சை அட்டையில் ஒரு நோட்டு செருகியிருக்கும். விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் எண், வந்த நேரம், காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் ஏறும். அட்டையைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை.

முதல் நாள் நான் பார்த்தது தரையிறக்கம். தூரத்தில் ஒரு கரும்புள்ளி, அதன் பின்னால் மெல்லிய புகைக் கோடு. நான் அண்ணனிடம் காட்டுவதற்குள் அது எங்களைத் தாண்டிவிட்டது. மூக்கில் வாய் பிளந்த குழாய், அதன் நடுவே கூம்பு, சின்ன முக்கோண இறக்கைகள். சக்கரம் தரையைத் தொட்ட இடத்தில் நீலப் புகை கிளம்பியது. வாலின் அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் தெறித்து, அடுத்த நொடி பெரிய குடையாக விரிந்தது. விமானத்தை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல இருந்தது. இவ்வளவு சிறிய இறக்கையை வைத்துக்கொண்டு மெதுவாகப் பறக்க முடியாது. அதனால் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் அது இறங்கும். சக்கர பிரேக்கை மட்டும் நம்பினால் நிறுத்த நெடுந்தூரம் ஓட வேண்டும், அதற்காகத்தான் பாராசூட். அதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் என் மனதில் ஒட்டிக்கொண்டது அதற்கப்புறம் நடந்தது. ஓடுதளத்தின் கோடியில் விமானி பாராசூட்டைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அது ஒரு பக்கமாகச் சரிந்து, காற்றில் உப்புவதும் அடங்குவதுமாகக் கிடந்தது. ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் முழங்காலிட்டு, கயிறுகளை ஒவ்வொன்றாகக் கையில் சுற்றி, துணியை நெஞ்சோடு சேர்த்து வாரி எடுத்துக்கொண்டு போனார். அத்தனை வேகத்துக்கும் பிறகு அத்தனை பொறுமை! மிக்-21 பத்தாயிரத்துக்கும் மேல் உற்பத்தியான விமானம், எத்தனையோ நாடுகளின் தளங்களில் இதே காட்சி நடந்திருக்கும். எனக்கு அந்த ஒரு மனிதர்தான் நினைவில் நிற்கிறார்.

அப்புறம் ஒரு விமானம் கிளம்பியது. எஞ்சினின் பின்பக்கத்தில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டதும் என் கையிலிருந்த அட்டை தானாகவே அதிர ஆரம்பித்தது. பயந்துபோய் அண்ணனைப் பார்த்தேன். “விடாதே, பிடிச்சுக்கோ” என்றார்.

கேள்வி: சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் விமானம் இருப்பதே இல்லையே, ஏன்?

ஒலி தரைமட்டத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது நொடிக்கு 250 மீட்டர். ஏறக்குறைய ஒலிக்குப் போட்டியான வேகம்தான். பத்து கிலோமீட்டர் உயரத்தில் போகும் பயணிகள் விமானத்தின் சத்தம் உங்கள் காதுக்கு வந்துசேர அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடத்தில் விமானம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். நீங்கள் கேட்பது அது கடந்துவந்த இடத்தின் சத்தம்.

“காதை நம்பாதேடா, காதுக்கு முன்னாடி பார்” என்பார் அண்ணன். சத்தம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று முதலில் பிடித்துக்கொண்டு, அதே திசையில் நன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வந்தால் இந்த வித்தையும் பலிக்காது, தாண்டிப் போன பிறகுதான் இடி இறங்கும்.

கேள்வி: ஒலியைவிட வேகமாகப் போன பயணிகள் விமானமான கான்கார்டு பறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

இல்லை. இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

1999-இல் வேலையாக லண்டனில் நான்கு நாள் இருந்தேன். தங்கியிருந்த இடம் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கம். கடைசி நாள் காலையில் எனக்கு வேலை இல்லை. கூட வந்தவர் “கான்கார்டு கிளம்புவதைப் பார்க்கலாம், வருகிறீர்களா?” என்று கேட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது, பெட்டி கட்ட வேண்டியிருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் மட்டும் போய்விட்டு, நனைந்து, முகமெல்லாம் மலர்ந்து திரும்பினார். பக்கத்தில் நின்றிருந்த கார்களின் அலாரம் எல்லாம் அடித்ததாம். மேகத்துக்குள் நுழையும்வரை நான்கு எஞ்சின்களின் தீயும் தனித்தனியாகத் தெரிந்ததாம். மறுவருடம் ஜூலையில் பாரிஸில் அந்தக் கோர விபத்து, 113 பேர் இறந்துபோனார்கள். சேவை நின்று, 2001 நவம்பரில் மறுபடி தொடங்கி, 2003 அக்டோபர் 24 அன்று பயணிகளோடு கடைசியாகப் பறந்தது. எனக்கு அடுத்த முறை வாய்க்கவே இல்லை.

பல வருடம் கழித்து ஜெர்மனியில் சின்ஸ்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கான்கார்டும் அதேபோல ஒலியை மிஞ்சிய சோவியத்தின் டியு-144-உம் கூரைமேல் அருகருகே, ஏறிப் பறக்கப்போகும் கோணத்தில் நிற்கின்றன. 1968 டிசம்பர் 31 அன்று டியு-144 முதலில் பறந்தது, கான்கார்டு அதற்கு இரண்டு மாதம் கழித்து. படியேறி உள்ளே போனால் தளமே சரிவாக இருக்கிறது, இருக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கான்கார்டின் ஜன்னலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். என் கை ஜன்னலை மறைத்துவிட்டது, அவ்வளவு சின்னது. இறங்கும்போது அது மூக்கை 12.5 டிகிரி கீழே மடக்கும். தலையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் விமானம் அது, மூக்கை மடக்காவிட்டால் விமானிக்கு ஓடுதளமே தெரியாது. இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனாலும் அதன் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆகவே உங்களிடம் யாராவது “வருகிறீர்களா?” என்று கேட்டால், பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நேரில் பார்த்ததிலேயே மிகப் பெரியது எது? அன்டோனோவ்-225 பார்த்தீர்களா?

225-ஐப் பார்க்கவில்லை, அதன் தம்பியான 124-ஐப் பார்த்தேன். இல்லை, அண்ணன் என்று சொல்ல வேண்டும், 1982-இல் முதலில் பறந்தது 124தான். மூக்கை அப்படியே மேலே தூக்கிச் சரக்கு ஏற்றும் விமானம். மொத்தம் 24 சக்கரங்கள், இறக்கை நுனிக்கு நுனி 73 மீட்டர்.

ஒரு சரக்கு விமானம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, விமான நிலையத்துக்கு வெளியே இறங்குபாதைக்கு நேர்கீழே காத்திருந்தோம். தூரத்தில் விளக்குகள் தெரிந்தன, ஆனால் நகர்வதாகவே தெரியவில்லை. பெரிய விமானங்களுக்கு இந்தக் குணம் உண்டு, உருவம் பெரியதாக இருப்பதால் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. திடீரென்று தலைக்குமேல் வயிறு. சக்கரங்களை எண்ண நினைத்தேன், பத்தைத் தாண்டுவதற்குள் போய்விட்டது.

எஞ்சின் சத்தம் தேய்ந்தபிறகுதான் அந்த விஷயம் நடந்தது. தலைக்குமேல் ஒன்றுமே இல்லை. ஆனால் யாரோ நீளமான துணியைக் கிழிப்பதுபோலச் சர்ரென்று ஒரு சத்தம் காற்றில் இறங்கி வந்தது. பக்கத்துப் புல் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. இறக்கை நுனியிலிருந்து சுருண்டு கிளம்பும் காற்றுச் சுழல் அது. விமானம் போனபிறகும் சில நிமிடம் உயிரோடிருக்கும். பெரிய விமானத்தின் பின்னால் வரும் சிறிய விமானத்தை இடைவெளி விட்டு வரச் சொல்வது இதனால்தான். பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். காதால் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

225 ஒன்றே ஒன்றுதான் முழுமையாகக் கட்டப்பட்டது. சோவியத்தின் புரான் விண்கலத்தைச் சுமப்பதற்காகப் பிறந்து, 1988 டிசம்பர் 21 அன்று முதலில் பறந்தது. ஆறு எஞ்சின், 32 சக்கரம், உச்ச எடை 640 டன். 2016-இல் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள ஜெனரேட்டரோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இறங்கியபோது, அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அதற்கு வைத்த பெயர் மிரியா, உக்ரைன் மொழியில் கனவு என்று பொருள். 2022 பிப்ரவரியில் உக்ரைனின் ஹோஸ்டோமெல் விமானநிலையத்தில் நடந்த சண்டையில் அழிந்துபோனது. கொட்டகைக்கடியில் அது சிதைந்து கிடந்த படத்தை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

கேள்வி: மகனுக்கு விமானம் என்றால் உயிர். எங்கே நின்று பார்ப்பது? படம் எடுக்கலாமா?

முதலில் காற்றைப் பாருங்கள். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். ஓடுதளத்தின் முனையில் எழுதியிருக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் டிகிரி கிடைக்கும். 27 என்றால் விமானம் மேற்கு நோக்கிப் போகும், 09 என்றால் கிழக்கு நோக்கி. மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் கிழக்கு முனைக்குப் போய் நின்றால் இறங்குவது தலைக்குமேல் தெரியும். இதை உங்கள் மகனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பறக்கும் விமானங்களைக் காட்டும் மொபைல் செயலி முதலிலேயே சொல்லிவிட்டால் தேடும் சுகம் போய்விடும், போர் விமானங்கள் பல அதில் தெரியவும் தெரியாது.

படம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விமானப்படைத் தளம் என்றால், தடை இல்லை என்று உறுதியாகத் தெரியாதவரை கேமராவை வெளியே எடுக்காதீர்கள். 2001-இல் கிரீஸின் கலமாட்டா தளத்தில் பிரிட்டனையும் நெதர்லாந்தையும் சேர்ந்த விமான ரசிகர்கள் 14 பேரை உளவாளிகள் என்று கைது செய்தார்கள். தண்டனையும் கிடைத்தது, மேல்முறையீட்டில்தான் விடுதலை ஆனார்கள். குறிப்பெடுப்பதே பல நாடுகளில் சந்தேகத்தைக் கிளப்பும். சிறுவயதில் எங்கள் அட்டையை யாரும் கேட்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. புறப்படும் விமானத்தின் பின்பக்கம் போய் நிற்கவே கூடாது. கரீபியன் கடலில் செயின்ட் மார்ட்டின் தீவில் கடற்கரையை ஒட்டியே ஓடுதளம் இருக்கிறது. 2017-இல் ஜெட் காற்று தூக்கி எறிந்ததில் ஒரு பெண் அங்கே இறந்துபோனார்.

கேள்வி: என் அப்பாவுக்குக் காது அறவே கேட்பதில்லை. ஆனாலும் விமானம் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்கிறார். போனால் ஏமாந்துவிடுவாரோ?

கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

என் அண்ணனுக்கும் இப்போது ஒரு காது முழுசாகப் போய்விட்டது, மறு காதில் கொஞ்சம்தான் கேட்கிறது. போன வருடம் ஒரு விமானக் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். பொழுது சாயும் நேரமாகப் பார்த்துப் போனோம். ஆஃப்டர்பர்னர் போட்ட விமானத்தின் பின்னால் தீ நீண்டு தெரிகிறதே, அதற்குள் வைரங்களைக் கோத்ததுபோல வரிசையாக வெளிச்ச முடிச்சுகள் இருக்கும். வெளியே பீறிடும் வாயுவின் அழுத்தமும் சுற்றிலும் உள்ள காற்றின் அழுத்தமும் ஒத்துப்போகாமல் மோதும் இடங்கள் அவை. பகலில் அவ்வளவாகத் தெரியாது, மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணலாம். அண்ணன் விரல்விட்டு எண்ணினார், எனக்கு ஆறு தெரிந்தது, அவர் ஏழு என்று அடித்துச் சொன்னார்.

பையில் ஒரு பரீட்சை அட்டை கொண்டுபோயிருந்தேன். அடுத்த விமானம் ஓடுதளத்தின் முனையில் வந்து நின்றதும் அதை அவர் கையில் கொடுத்தேன். எதற்கு என்பதுபோல என்னைப் பார்த்தார். இரண்டு கையாலும் ஓரத்தை லேசாகப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். விமானி எஞ்சினை முழுதாகத் திறந்தார். அட்டை அவர் விரல்களுக்கிடையே படபடவென்று துடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, அது அடங்கும்வரை அசையாமல் நின்றார்.

மறக்காமல் ஒரு அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். காகித அட்டையைவிடப் பழைய மர அட்டை இன்னும் நன்றாக அதிரும்.