வடிவம் 2 சதவீதம் என்றால் மீதி 98-ம் வீணா?

கேள்வி: எனக்கு 29 வயது, கணவருக்கு 34. மேலூரில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷமாகிறது. மதுரையில் எடுத்த விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருக்கிறதாம். 'நார்மல் மார்பாலஜி 2%' (சரியான வடிவம் உள்ளவை 2%) என்று போட்டிருக்கிறது. இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) செய்ய வேண்டும், அதிலும் 6,000 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் 'இம்சி' என்றால் இன்னும் நல்லது, அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: நகையை இப்போது வைக்க வேண்டாம், சகோதரி. முதலில் அந்த 2 எப்படி வந்தது என்று பாருங்கள்.

லேபில் ஒரு சொட்டு விந்தை ஸ்லைடில் இழுத்து, காயவைத்து, சாயமேற்றி, 1,000 மடங்கு பெரிதாக்கி 200 விந்தணுக்களை எண்ணுவார்கள். தலை முட்டை வடிவில், சுமார் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம், 3 மைக்ரான் அகலம் இருக்க வேண்டும். தலையின் முன்பாதியை மூடிய தொப்பி போன்ற அக்ரோசோம், கோணாத கழுத்து, சுமார் 45 மைக்ரான் நீள வால் எல்லாம் சரியாக இருந்தால்தான் 'நார்மல்'. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் கழித்துவிடுவார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ் அளவே 4 சதவீதம். 200-இல் 4 சதவீதம் என்றால் எட்டு, உங்கள் ரிப்போர்ட்டில் நாலு. வித்தியாசம் நாலே நாலு அணுக்கள்தான். அதே ஸ்லைடை வேறொருவர் எண்ணினாலே இது மாறிவிடும். மீதி 98-ம் வீண் என்று அர்த்தமே இல்லை.

சாயமேற்றிய விந்தணு செத்துவிடும், அதைச் சிகிச்சைக்கு எடுக்க முடியாது. உயிரோடு நீந்துவதைச் சாயமில்லாமல் பார்த்துப் பொறுக்கும் முறைதான் இம்சி. சாதாரண இக்ஸியில் 200 முதல் 400 மடங்கில் பார்ப்பார்கள். இதில் எண்ணெய் வைத்துப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸும், நொமார்ஸ்கி என்ற ஒளியமைப்பும் சேர்ந்து தலைக்குள் இருக்கும் குழிகளைக் காட்டும். பெரிய குழி உள்ளதைத் தவிர்ப்பார்கள். கண்ணாடி அடித்தட்டுள்ள டிஷ் கட்டாயம்; பிளாஸ்டிக்கில் அந்த ஒளி கலங்கிவிடும். 6,000 என்பதில் கேமராவும் திரையும் பெரிதாக்குவதும் சேர்த்தி. ஒளி மைக்ரோஸ்கோப் எதுவானாலும் சுமார் 0.2 மைக்ரானுக்குக் கீழ் பிரித்துக் காட்டாது. பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை கருமுட்டை வெளியில் காத்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தும், இக்ஸியைவிட இம்சியில் குழந்தை பிறப்பது கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் சிகிச்சையிலேயே இதற்குப் பணம் கட்டுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. இக்ஸி இரண்டு மூன்று முறை தோற்ற பிறகு பேசலாம்.

இன்னும் பெரிய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் தேவைப்படுவது வேறு சிலருக்கு. விந்தணு உயிரோடிருந்தும் அசையவே இல்லை, சின்ன வயதிலிருந்து சைனஸும் சளியும் விடவில்லை என்றால், வாலைக் குறுக்கே வெட்டி, உள்ளே நடுவில் 2, சுற்றி 9 ஜோடி நுண்குழல்களும் அவற்றை இயக்கும் டைனின் கைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஓட்டம் சரியாக உள்ள உங்கள் கணவருக்கு அது வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது வேறு. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். அடுப்பு முன்னால் பரோட்டாக் கல்லின் அனல் இடுப்புக்கு நேரே அடிக்கும். விதைப்பையோ உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இறுக்கமான ஜீன்ஸை விட்டுத் தளர்வான பருத்தி உடுத்தட்டும், அடிக்கடி கல்லைவிட்டு விலகி நிற்கட்டும். சிகரெட், புகையிலை இருந்தால் இன்றே நிறுத்தட்டும். பெரியாஸ்பத்திரி யூராலஜி ஓ.பி.யில் வேரிகோசீல் (விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கும் கருக்குழாய், முட்டை வெளிவருவது இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள். நாலு வருஷம் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி, முதல் தடவை எத்தனை நாளோ அத்தனையே. ஜெல், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. மேலூரிலிருந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு மணி நேரக் கெடு தாண்டிவிடும். லேபிலேயே போய்க் கொடுங்கள். இடையில் காய்ச்சல் வந்திருந்தால் தேதியோடு சொல்லுங்கள், அதுவே முடிவைக் கெடுத்திருக்கும்.

அப்போதும் இக்ஸிதான் என்று வந்தால், அந்த மையம் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு (ஏ.ஆர்.டி.) ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவானதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் வேறு மையத்துக்குப் போங்கள்.