தோலிலும் கொட்டையிலும் என்ன இருக்கிறது?

கேள்வி: மாம்பழப் பருவம் முழுதும் எங்கள் வீட்டில் தோலும் கொட்டையும் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகின்றன. சதையைவிட அவற்றில்தான் சத்து அதிகம் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். காயவைத்துப் பொடித்துத் தினமும் சாப்பிடலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. மாம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சில ரகங்களில் அதற்கும் மேல், தோலும் கொட்டையுமே. நார்ச்சத்தும், மாஞ்சிஃபெரின் உள்ளிட்ட பாலிஃபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருள்களும் சதையைவிடத் தோலில் செறிவாக உள்ளன. கொட்டையைப் பிளந்து, உள்ளிருக்கும் பருப்பை இரும்புக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள்: வெட்டிய இடம் சற்று நேரத்தில் கறுத்துவிடும், நாவில் வைத்தால் கடுமையாகத் துவர்க்கும். பருப்பிலுள்ள டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து நற்பெயர் வாங்குபவை இந்த டானின்களே. உணவிலுள்ள இரும்புச்சத்தைக் குடலில் பற்றிக்கொண்டு, அது உடலில் சேரவிடாமல் தடுப்பவையும் இவையே. ஆகவே, இரத்தசோகை உள்ளவர்கள் இந்தப் பொடியைத் தினமும் சாப்பிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். ஒடிசாவின் மலைப்பகுதிகளில் பருப்பைப் பலமுறை நீரில் ஊறவைத்துத் துவர்ப்பை நீக்கி, உலர்த்தி, கஞ்சி காய்ச்சும் வழக்கம் உண்டு. ஆனால் சரியாக உலராத பருப்பில் பூஞ்சை பிடித்தால், அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் முழுமையாக நீங்காது.

தோலுக்கு வேறோர் எச்சரிக்கை வேண்டும். முந்திரிக்கொட்டையின் ஓட்டெண்ணெய் பட்டால் கை வெந்துபோவதைப் பண்ருட்டிப் பக்கத்தவர் நன்கறிவர். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், அந்த எண்ணெயை ஒத்த பொருள்கள் மாங்காய்ப் பாலிலும் தோலிலும் உண்டு. பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றபின் உதடும் வாயோரமும் அரித்துத் தடிப்பவர்கள் தோலை அறவே தவிர்க்க வேண்டும்.

மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு கொக்கோ வெண்ணெயை ஒத்தது. சாக்லேட்டில் 5 விழுக்காடு வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளுள் அதுவும் ஒன்று. மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த உங்கள் மாவட்டத்தில் குவியும் கொட்டைகளுக்கு இத்தகைய தொழில்வழிப் பயனே பொருத்தமானது என்பது என் கருத்து.

கேள்வி: பழங்களில் நாம் எறிந்துவிடும் பகுதிகளுள் எவற்றை அச்சமின்றிச் சமைக்கலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் தர்பூசணியைச் சொல்வேன். மேலேயுள்ள பச்சைத் தோலை மட்டும் சீவிவிட்டு, வெண்பகுதியைப் பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைத்தால் சுரைக்காய்க் கூட்டைப் போலவே இருக்கும். அதிலுள்ள சிட்ருலின் என்னும் அமினோ அமிலம் சிறுநீரகத்தில் ஆர்ஜினினாக மாறி, இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாக உதவுகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது.

பலாக்கொட்டையில் மாவுச்சத்தும் புரதமும் உள்ளன. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளும் அதில் இருப்பதால் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். ஆப்பிள் விதையில் அமிக்டலின் உள்ளது. மென்றால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். தவறி ஒன்றிரண்டை விழுங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. சேர்த்துவைத்துப் பொடித்து உண்பதைத் தவிருங்கள்.