நுரையீரல் பூஞ்சை மூளைக்குப் போகுமா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை என்றார்கள், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர். பத்து நாளாகத் தலைவலி, நேற்று டிவி எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். கண்ணாடி மாற்றினால் சரியாகுமா?
– வாசகி, தோ பாயோ, சிங்கப்பூர்

பதில்: கண்ணாடி வேண்டாம்மா, இன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், தூக்கக் கலக்கமாகவே இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் இருக்கும் இந்தப் பூஞ்சை மூச்சோடு நுரையீரலுக்குள் போய், அப்பாவைப் போல ஸ்டீராய்டு எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ரத்தம் வழியாக மூளைக்கும் அதன் உறைக்கும் பரவிவிடும். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை வரும். காய்ச்சலே இல்லாமலும் வரலாம். ஸ்டீராய்டு விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதுகில் ஊசி போட்டுப் பரிசோதனைக்குத் தண்டுவட நீர் எடுப்பார்கள், பயப்படாதீர்கள், அழுத்தம் குறையவும் அது உதவும். அப்புறம் பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள்: முதலில் ஆம்போடெரிசின், தொடர்ந்து மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல்.